ஒரு கை தூரம் பின்னால்

சோதனை நடக்கும்போது உதவியாளர் குழந்தையின் நாற்காலிக்கு ஒரு கை தூரம் பின்னால் நிற்க வேண்டும். பேசக் கூடாது. தொண்டையைச் செருமக் கூடாது. குழந்தையின் கண்ணில் படும்படி நகரக் கூடாது. இப்படி ஒன்பது விதிகள் அந்தத் தாளில் இருந்தன. ஒவ்வொன்றையும் படித்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன்: மாரீன் கெடி. யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் தலைமையாசிரியருக்கும் நான் மோ.

ஆஸ்திரேலியாவில், லாட்ரோப் பள்ளத்தாக்கில் ஒரு சிறப்புப் பள்ளியில் பதினேழு வருஷமாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். ஆசிரியை அல்ல. சக்கர நாற்காலிகளை பஸ்ஸிலிருந்து இறக்குவது, வாய் துடைப்பது, உடை மாற்றுவது, வலிப்பு வந்தால் எத்தனை நிமிஷம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது, இவை என் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டீ போடுவதும் நான்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

டில்டாவுக்கு அப்போது ஆறரை வயது. பிறந்தபோது மூச்சு வராமல் போன சில நிமிஷங்கள் அவள் கைகால்களையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஓசை. கோபத்துக்கும் அதுதான், சிரிப்புக்கும் அதுதான். முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஆமாம்’ என்றால் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்ப்பாள். ‘இல்லை’ என்றால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அவள் அம்மா கெர்ரினுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

“கூரையில அப்படி என்னதான் இருக்கு, மோ? உங்க சர்ச்சுக்கு வர்றவங்ககூட இவ்வளவு நேரம் மேல பார்க்க மாட்டாங்க” என்று கேலி செய்வாள். சிரித்து முடித்த பிறகும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் அப்படி நின்றபோது கேட்டாள்: “நெசமாச் சொல்லுங்க. இவ உள்ளே இருக்காளா?”

டில்டாவுக்கு இரண்டு வயதானபோது ஒரு டாக்டர், பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். ஊரிலிருந்த அனல்மின் நிலையத்தை மூடியபின் மேற்கே சுரங்க வேலைக்குப் போன கெர்ரினின் புருஷன் முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு போனில் மட்டும் பேசினான். பிறகு அதுவும் இல்லை. ஒரு குழந்தையைத் தூக்கி, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டி, குளிப்பாட்டி, அந்தக் குழந்தைக்குத் தன்னைத் தெரியுமா என்பதே தெரியாமல் வாழ்வது எப்படிப்பட்ட தனிமை என்று நினைத்துப் பார்த்தேன்.

“இருக்கா, கண்ணு. எனக்குத் தெரியும்” என்றேன்.

தெரியும் என்று சொல்பவளிடம் காட்டு என்று கேட்பதுதான் உலக வழக்கம். காட்டுவதற்கு ஒரு வழியும் வந்தது.

மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகம், பேச முடியாத சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி ஆராய்ச்சி தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படிக்கிறார்கள். சொல்ல வாய் ஒத்துழைக்காத பிள்ளை என்ன செய்யும்? மனசுக்குள் சொல்லிப் பார்க்கட்டும், அதற்குப் பழக்குவோம் என்பது அவர்கள் எண்ணம். பல பள்ளிகளிலிருந்து நாற்பது பிள்ளைகளை எடுத்தார்கள். எங்கள் பள்ளியில் டில்டா ஒருத்தி. எனக்கு இரண்டு நாள் பயிற்சியும் ஒரு பெட்டி நிறைய அட்டைகளும் கொடுத்தார்கள். தினம் காலை இருபது நிமிஷம், மொத்தம் இருபத்து நான்கு வாரம்.

‘ப்’, ‘அ’, ‘ஸ்’ என்று ஒவ்வொரு ஒலியாகச் சொல்வேன். வாய் வேண்டாம், மனசுக்குள் சேர்த்துச் சொல்லிப் பார் என்பேன். பிறகு மூன்று அட்டைகளை அவள் கண்ணுக்கு நேராக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பேன். நாயா? தொப்பியா? பஸ்ஸா? பஸ் வந்ததும் கண் கூரைக்குப் போகும். பன்னிரண்டாம் வாரத்தில் படங்கள் போய் வெறும் எழுத்து அட்டைகள் வந்தன. சில நாள் பஸ் என்ற அட்டையைக் காட்டி, “இது கேக். நானே சாப்பிட்டுடப் போறேன், உனக்குக் கிடையாது” என்பேன். கண்ணை இறுக மூடுவாள். அப்புறம் அந்த ஓசை வரும், தலை பின்னால் சாயும் அளவுக்குச் சிரிப்பு.

ஆகஸ்டுக்குள் முப்பத்தொரு வார்த்தைகள். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கெர்ரின் காலையில் சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போய்விடுவாள். மாலையில் அவள் வரும் நேரத்தில் டில்டா களைத்து, தலை மார்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் ஆகஸ்டு மாதச் சோதனைக்காக இருவரும் காத்திருந்தோம். முடிவின் ஒரு பிரதி பெற்றோருக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். மெல்பர்ன்காரர்கள் எழுதிக் கொடுத்தால் நம்பித்தானே ஆக வேண்டும் என்று கெர்ரின் சிரித்தாள். வேறொரு காரணமும் இருந்தது. டில்டா வயதுப் பிள்ளைகளை அடுத்த வருஷம் எங்கள் பள்ளியில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று படிப்பு அறை, அதில் பத்து இடம். மற்றொன்று வாழ்க்கைத் திறன் அறை. அங்கே துணி மாட்டும் கிளிப்புகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். அங்கே போன பிள்ளை திரும்பிப் படிப்பு அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

சோதனைக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. பதினெட்டுக் கேள்விகள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் அதை நிரப்பினேன். மறுநாள் சர்ச்சில் குளிர்கால விற்பனை; அறுபது ஸ்கோன் ரொட்டி சுட வேண்டியிருந்தது. ஒரு கையில் மாவும் வெண்ணெயும். மற்றக் கையின் ஒரு விரலால் கம்ப்யூட்டரில் டிக் அடித்துக்கொண்டே போனேன். பதினோராவது கேள்வி: குழந்தை எப்படிப் பதிலைத் தேர்ந்தெடுக்கும்? நான்கு கட்டங்கள். ‘பார்வையால் அட்டையைச் சுட்டும்’ என்பது இரண்டாவது. ‘ஒவ்வொன்றாகக் காட்டினால் ஆமாம், இல்லை என்று தெரிவிக்கும்’ என்பது மூன்றாவது. டில்டாவுக்கு உரியது மூன்றாவது. பார்வை என்ற சொல் கண்ணில் பட்டதும் நான் இரண்டாவதில் அடித்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன்.

கடவுளின் வேலைக்காக அவசரப்படுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். கடவுள் என்னிடம் ஸ்கோன் கேட்கவில்லை.

சோதனை நடத்த வந்தவள் பெயர் பிலிப்பா. இருபத்தாறு வயது இருக்கும், ஆராய்ச்சி மாணவி. விடியுமுன்னே புறப்பட்டு, பனி உறைந்த ரோட்டில் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். டில்டாவின் கையைத் தொடுமுன் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். நல்ல பெண் என்று அதிலேயே தெரிந்தது. நாற்பது பிள்ளைகளில் யாருக்குப் பாடம் நடந்தது, யாருக்கு நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. அதுவும் ஒரு விதி. இரக்கம் பேனாவைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக.

படிவத்தில் இருந்தபடி நான்கு அட்டைகளை மேஜைமேல் படுக்கவைத்தாள். ‘ப்’ என்று தொடங்குவது எது என்று கேட்டாள். எதையும் விட்டுவிடாமல் பார்க்கட்டும் என்று ஒவ்வோர் அட்டைக்குக் கீழேயும் விரலை நகர்த்தினாள். விரல் பஸ்ஸுக்குக் கீழே வந்தது. டில்டா கூரையைப் பார்த்தாள்.

பிலிப்பா ஐந்து நொடி காத்திருந்தாள். குழந்தை அட்டையைப் பார்க்கவே இல்லை. சைபர் போட்டாள்.

நான் ஒரு கை தூரம் பின்னால் நின்றேன். பின்னாலிருந்து அவள் கண் தெரியாது. ஆனால் கண் உயரும்போது அவள் உச்சந்தலை அரை அங்குலம் பின்னால் வரும். அடுத்தடுத்து ஆறு கேள்விக்கு அது வந்தது. ஆறும் சைபர். தொடர்ந்து ஆறு சைபர் வந்தால் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிலிப்பா போனாள். மூன்றாவது பகுதியில் டில்டா என்னைத் தேடத் தொடங்கினாள். கழுத்தைத் திருப்ப முடியாத பிள்ளை திருப்பப் பார்த்தாள். தோள் முறுக்கிக்கொண்டது. அந்த ஓசை வந்தது. அது சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதற்கு முன் நான் கேட்காத ஒன்று.

“நல்லா முயற்சி பண்றே” என்றாள் பிலிப்பா, மிகவும் கனிவாக. சரியோ தப்போ, எதற்கும் சோதிப்பவர் சொல்லக்கூடியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? கையெழுத்துப் போட்டிருந்தேன். நாற்பது பிள்ளைகளின் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவை காரணங்கள். உண்மை இதைவிடச் சிறியது. சொன்னபடி நடப்பவள் என்று பதினேழு வருஷமாகப் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் துணி உருண்டைபோல் என் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

நான்காவது பகுதியில் டில்டா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை. நாற்பது நிமிஷச் சோதனை பதினொரு நிமிஷத்தில் முடிந்தது.

கார் நிற்கும் இடத்தில் பிலிப்பாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். 

“அப்போ அவ மேல பார்த்ததெல்லாம்?”

“ஆமாம்னு சொன்னாம்மா.”

அவள் கார் கதவில் சாய்ந்துகொண்டாள். “நீங்க உள்ளேயே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. நிறுத்தறதுக்கு விதி இருக்கு. பத்தாவது பக்கத்துல இருக்கு.”

எனக்குக் கொடுத்தது ஒரே தாள். பத்தாவது பக்கம் அவளுடைய புத்தகத்தில் இருந்தது.

அதே கேள்விகளை மூன்று மாதத்துக்கு மறுபடி கேட்கக் கூடாதாம். போட்ட சைபரை அழிக்கவும் முடியாதாம். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதலாமாம். இந்த எண்கள் ஆராய்ச்சிக்கு மட்டும்தான், எந்தக் குழந்தையைப் பற்றியும் இவற்றை வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

அன்று மாலை கெர்ரினிடம், சோதனை சரியாக நடக்கவில்லை, இன்னொன்று வைப்பார்கள் என்றேன். படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பின்னால் நின்றதைப் பற்றியும் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்பவர்களுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். என்னுடையது, அவள் களைத்திருக்கிறாள் என்பது.

மறுநாள் காலை பஸ் அட்டையைத் தூக்கினேன். டில்டா என் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். நாய், தொப்பி, பால் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுவர்தான். கேக் என்று சொல்லிப் பார்த்தேன், நானே சாப்பிடப் போகிறேன் என்று வாயைத் திறந்தும் காட்டினேன். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஒரு வாரம் போனது. மூன்று வாரம் போனது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் கண் மேலே போகவில்லை. ஒரு நாள் அவள் எதிரில் மண்டியிட்டு, “தப்பு என்னோடது டில்டா. நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கிறியா?” என்றேன்.

என்னை நேராகப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதில் அது.

நவம்பர் நடுவில், மூன்று மாதம் முடிந்த முதல் சனிக்கிழமை, பிலிப்பா தானாக வந்தாள். தனக்கு மேலே இருக்கும் பேராசிரியரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். டில்டாவுக்குப் பழக்கமான இடம் என்று கெர்ரின் வீட்டுச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டோம். இந்தத் தடவை அட்டைகளை நிறுத்திவைக்க ஒரு மரத் தட்டி கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆமாமா, இல்லையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். நான் டில்டாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். கெர்ரின் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், துவைத்த துண்டை மடிப்பதுபோல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை எத்தனை முறை மடித்தாளோ.

டில்டா முதலிலிருந்து கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை. எல்லாம் சைபர். இந்தத் தடவை யாருடைய தப்பும் இல்லாத, சரியான சைபர்.

பிலிப்பா காரில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் அதை ஓட்டாமல் இருந்தாள். கெர்ரின் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஒரு கோப்பை டீயை எடுத்துக்கொண்டு போய்க் காரின் ஜன்னலில் நீட்டினாள். உள்ளே திரும்பி வந்தாள். துண்டை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் அடுத்த வருஷத்துக்கான கூட்டம். குழந்தையைப் பற்றிய எல்லா அறிக்கைகளையும் கொண்டுவரும்படி பள்ளியிலிருந்து கடிதம் போயிருந்தது. கடிதத்தில் சொன்னபடி கெர்ரின் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள், மெல்பர்ன் தாளையும் சேர்த்து. ஐந்து கட்டம், ஐந்து சைபர், அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இந்த எண்களை வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள் என்று பிலிப்பா சொன்னது சரிதான். முடிவு செய்யப் போகிறவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் பெக்வித் கெட்ட மனிதர் அல்ல. நான் சர்ச் சர்ச் என்று பேசுவதால் எனக்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தார். ‘பிஷப் வந்தாச்சு, பிஸ்கட்டை ஒளிச்சு வைங்கப்பா’ என்று டீ அறையில் சத்தம் போடுவார். அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை. தாளைப் படித்தார். பத்து இடத்துக்குப் பதினான்கு பிள்ளைகள் என்று மெதுவாகச் சொன்னார்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக் கை, இரண்டாவது கட்டம், ஆறு முறை பின்னால் வந்த உச்சந்தலை, நான் நின்ற நிலை, எதையும் விடவில்லை. கெர்ரின் தலையை உயர்த்தவில்லை.

பெக்வித் பேனாவை எடுத்தார். “உங்க வார்த்தை எனக்குப் போதும், மோ. வாசிக்கிறான்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“ஆகஸ்டு வரைக்கும் வாசிச்சா. முப்பத்தொரு வார்த்தை.”

“இப்போ?”

ஆமாம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அந்தப் பதினான்கில் இன்னொரு பிள்ளையின் இடம் போகும். அந்தப் பிள்ளைக்கும் ஓர் அம்மா இருப்பாள். நான் பிரார்த்தனை செய்தேனா என்று கேட்டால், நேரம் இல்லை. “இப்போ இல்லை. ஆகஸ்டுக்கு அப்புறம் அவ எதுக்குமே கண்ணைத் தூக்கல” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அப்படியானால் தான் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். 

சொல்ல வேண்டிய அன்று வாயை மூடியிருந்தேன். இன்று வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். இரண்டுக்கும் அடி விழுந்தது டில்டாவுக்குத்தான்.

வெளியே நடைபாதையில் கெர்ரின் நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “ஒரு வார்த்தை, மோ” என்றாள். “அவளுக்கு வாய் இல்லை. உங்களுக்கு இருந்துதே.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரியில் பள்ளி திறந்ததும் டில்டா வாழ்க்கைத் திறன் அறைக்குப் போனாள். ஓர் உதவியாளர் அவள் விரல்களைப் பிடித்துச் சிவப்புக் கிளிப்பைச் சிவப்புக் கூடையில் போடவைப்பார். என்னைப் படிப்பு அறையில் போட்டிருந்தார்கள். பெக்வித்திடம் போய், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டில்டாவோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டேன். அது உங்கள் நேரம் பிஷப், உங்கள் இஷ்டம் என்றார்.

தினம் அவளுக்கு ஊட்டி முடித்ததும் ஒரு புத்தகம் வாசிப்பேன். எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எது என்று கேட்கமாட்டேன், புரிந்ததா என்று கேட்கமாட்டேன், பிடித்ததா என்றுகூடக் கேட்கமாட்டேன். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை எல்லாரும் சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒரு மனுஷிக்கு இன்னொரு மனுஷி கதை சொல்வதற்குச் சோதனை தேவையில்லை. கை கோத்துப் பிரார்த்தனை செய்ய முடியாமல் போயிருந்த அந்த நாட்களில் இதுதான் என் பிரார்த்தனை. அவள் கேட்டாளா, சுவரைப் பார்த்தாளா தெரியாது. நானும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை பிலிப்பாவிடமிருந்து தபாலில் ஒரு மெல்லிய புத்தகம் வரும். முதல் முறை ஒரு சீட்டும் இருந்தது. அவளுடைய அட்டவணையில் டில்டா சைபராகத்தான் இருக்கிறாள், மாற்ற முடியவில்லை. ஆனால் உதவியாளர்களுக்குக் கொடுக்கும் தாளில் இனி முதல் விதி இதுதான் என்று எழுதியிருந்தாள்: தவறு நடப்பதாகத் தோன்றினால் உடனே பேசுங்கள்.

மார்ச்சில் மலைப் பக்கம் காடு பற்றிக்கொண்டது. ஒரு வாரம் ஊரே புகை. பிள்ளைகளை வெளியே விடவில்லை. எனக்கு இருமல் பிடித்து, மூன்றாம் நாள் குரல் அடியோடு போய்விட்டது. காற்றுதான் வந்தது. அன்று பிலிப்பாவின் புதுப் புத்தகம் வந்திருந்தது. மழையில் வீடு தேடிப் போகும் ஒரு நாயின் கதை. உறையைப் பிரித்ததே டில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான். வாசிக்கக் குரல் இல்லை. படத்தையாவது பார்க்கட்டும் என்று அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, சற்று நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த ஓசை வந்தது.

ஏழு மாதமாகக் கேட்காத ஓசை. திரும்பிப் பார்த்தேன். கண்கள் இறுக மூடியிருந்தன. இல்லை என்கிறாள். எது இல்லை? புத்தகம் வேண்டாமா, வலியா என்று நினைத்தேன். பிறகு ஏதோ தோன்றிப் பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். கண் திறந்தது. படத்துக்குப் போகவில்லை. அடியில் இருந்த எழுத்து வரிக்குப் போனது. இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சொல்லிலும் நின்று, நின்று, ஒரு கிழவி குளிர்கால ரோட்டைக் கடப்பதுபோல் நகர்ந்தது. வரி முடிந்தது. கண் கூரைக்குப் போனது.

திருப்பினேன். அடுத்த வரி. கூரை. திருப்பினேன். என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வந்திருந்தால் நான் வாசித்திருப்பேன், அவள் வாசிப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒன்பது பக்கம் போனோம். நாய் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மணி அடித்துவிட்டது. அடுத்த அறையில் கிளிப்புகளைக் கொட்டும் சத்தம் கேட்டது.

யாரும் பார்க்கவில்லை. எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. பெக்வித்திடம் எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, இந்த வருஷம் இடம் இல்லை, நவம்பரில் பார்ப்போம் என்றார். மறுநாள் அவரே சாப்பாட்டு நேரத்தில் வந்து வாசலில் நின்றார். டில்டா கண்ணை மூடிக்கொண்டாள், அவர் போகும்வரை திறக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது, அவள் வாசித்த அந்த நாள் மாலையைப் பற்றி. புகை மூட்டத்தில் பள்ளி வாசலருகே கெர்ரினின் வேன் நின்றது. பேச முடியாததால் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன்: இன்று ஒன்பது பக்கம் தானாக வாசித்தாள். உள்ளே இருக்கிறாள். கெர்ரின் காகிதத்தை வாங்கிப் படித்தாள். டில்டாவைப் பார்த்தாள். தலை மார்பில் தொங்க, எச்சில் வடிய, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

“முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க” என்றாள்.

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அவள் நாற்காலியை வேனில் ஏற்றிப் பட்டைகளை மாட்டினாள். நான் வழக்கம்போல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். காகிதத்தை அவள் எறிந்துவிடவில்லை. சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, “அந்த இருமலுக்கு ஏதாவது மருந்து சாப்பிடுங்க” என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசியது அதுதான்.

மறுநாள் டில்டாவின் பையைத் திறந்தபோது, மசித்த சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஒரு சாண்ட்விச் இருந்தது. டில்டாவால் ரொட்டியை விழுங்க முடியாது. அது எனக்கு. நம்பி வைத்தாளா, இரங்கி வைத்தாளா, நான் கேட்கவில்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நாய்க் கதையின் பத்தாவது பக்கத்தைத் திறந்து டில்டாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.